கொளுத்த வேண்டாம் எருக்கை! நாற்றங்காலுக்குத் தழை உரம் ஆகும் – ஆனால் கண் பத்திரம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் திருமுல்லைவாயிலுக்கு அடுத்து, ஆவடிக்கு முன்னால் வரும் நிலையம் அண்ணனூர். நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் வீடுகளுக்கு நடுவே காலி மனைகள் தென்படும். கல் நட்டு, எல்லை பிரித்து, விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கும் மனைகள். அவற்றில் யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், வேலி போடாமல் செழித்து நிற்கும் பயிர் ஒன்று உண்டு. அதுதான் எருக்கு.

பங்குனி வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் சாம்பல் பூத்த பச்சை இலையும் ஊதாப் பூவுமாக நிற்கிறது. ஆடு கடிப்பதில்லை, மாடு மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறது. வீடு கட்டத் தொடங்கும்போது ஜே.சி.பி. வந்து வேரோடு பறித்து ஓரமாகக் குவிக்கிறது. பிறகு நெருப்பு வைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குவியலருகே அன்று ஒரு சின்ன லோடு வண்டி நின்றிருந்தது. வயதான விவசாயி ஒருவர் எருக்கங்கிளைகளைக் கட்டுக்கட்டாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலையில் முண்டாசு, கையில் கோணிச் சாக்கைத் தைத்துச் செய்த உறை, கண்ணுக்கு வெல்டிங் கடைக்காரர் போடுவது போன்ற கண்ணாடி.

"ஏன் பெரியவரே, குப்பையை ஏத்திக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டோம்.

"குப்பையா? இது எரு தம்பி. திருநின்றவூருக்கு அந்தாண்ட ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு வெச்சிருக்கேன். நாத்தங்காலுக்கு இதைப் போட்டு மிதிச்சா, நாத்து கையோட வந்துடும். எங்கப்பா காலத்துல வரப்பு பூரா தழைதான். யூரியா வந்தப்புறம் நாமதான் மறந்துட்டோம்" என்றார் அவர்.

"இந்தக் கண்ணாடி எதுக்கு?"

"அது ஒரு கதை. அப்புறம் சொல்றேன்" என்று கட்டைத் தூக்கி வண்டியில் போட்டார்.

அவர் பிறகு சொன்ன கதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது. எருக்குத் தழையை எடுக்க நினைக்கும் எவரும் அதைப் படிக்காமல் அரிவாளைத் தொட வேண்டாம்.

பக்கத்து ஊரில் தூணாக நிற்கும் செடி

அண்ணனூருக்கும் எருக்குக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஒரு நிலையம் தள்ளி இருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் சன்னிதியில் இரண்டு தூண்களைப் பார்த்திருப்பார்கள். அவை எருக்கந்தூண்கள் என்பது கோயில் வழக்கு. இப்பகுதியை ஆண்ட குறும்பர்களைத் தொண்டைமான் வென்றபோது, அவர்கள் கோட்டையிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து இங்கே நாட்டினான் என்று தலபுராணம் கூறும். படையெடுத்து வந்தபோது யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியதும், கொடியை வெட்டியபோது உள்ளிருந்த லிங்கத்தில் குருதி கண்டதும் அதே வரலாற்றில் வருபவை.

எருக்கு தூணாகும் அளவுக்குப் பருக்குமா என்று கேட்காத விவசாயி இல்லை. சாதாரணமாக இச்செடி ஓர் ஆள் உயரமோ, ஒன்றரை ஆள் உயரமோதான் வளர்கிறது. வெட்டாமல், தீண்டாமல் பல ஆண்டுகள் விட்டால் அடிமரம் நன்றாகப் பருத்துச் சிறு மரம்போல் ஆவதும் உண்டு. நம் வயலோரத்தில் அப்படிப் பருக்க யாரும் விடுவதில்லை.

பழந்தமிழர் இதை எளிய பூவாகக் கருதினார்கள். ஆனாலும் எருக்கம்பூவைக் கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று தள்ளுவதில்லை என்ற கருத்தைப் புறநானூற்றில் கபிலர் பாரியைப் பாடும்போது சொல்கிறார். விநாயகருக்கு எருக்க மாலை சாத்துவதும், ரத சப்தமியன்று எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிப்பதும் இன்றும் நடக்கிறது. மறுபுறம், "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று சாபம் கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பாழ் நிலத்தின் அடையாளம் இது என்ற எண்ணமே அதற்குக் காரணம். பயன் தெரிந்தவனுக்கு இது பாழின் அடையாளம் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தழைக் கிடங்கு.

வறட்சியிலும் பச்சையாக இருப்பது எப்படி?

எருக்கின் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கி, மற்றச் செடிகளுக்கு எட்டாத ஆழத்து ஈரத்தை எடுக்கிறது. இலை தடிப்பானது. அதன் மேல் மாவு பூசியது போன்ற வெண்மையான படிவு இருக்கிறது. விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும். இது வெயிலைத் தடுத்து, இலையிலுள்ள நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. எங்கே ஒடித்தாலும் வழியும் பால், தின்ன வரும் கால்நடையையும் பெரும்பாலான பூச்சிகளையும் விரட்டுகிறது.

பூவிலும் ஒரு விசேஷம் உண்டு. மற்றப் பூக்களைப்போல மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. சிறு பொதிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவில் வந்து உட்காரும்போது, அந்தப் பொதி அதன் காலிலோ வாயிலோ மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. காய் முற்றி வெடித்தால், பட்டுப் போன்ற பஞ்சோடு விதை காற்றில் பறக்கிறது. ஆகவேதான் யாரும் விதைக்காமல் ஊரெல்லாம் முளைக்கிறது.

நம் பக்கத்தில் ஊதாப் பூ பூப்பதே மிகுதி. வெள்ளைப் பூ பூப்பதை வெள்ளெருக்கு என்கிறோம். இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகளே. வெள்ளெருக்கு வேர் என்றும், அதில் செதுக்கிய பிள்ளையார் என்றும் சந்தையில் விலை சொல்வார்கள். அது அவரவர் நம்பிக்கை. தழை உரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

விவசாயிக்கு இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்து வளர்க்கத் தண்ணீர் வேண்டும், நாற்பது ஐம்பது நாள் நிலமும் வேண்டும். சித்திரையில் சொர்ணவாரிக்கு நாற்று விடும் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிக்கு அந்தத் தண்ணீரும் இல்லை, அவகாசமும் இல்லை. அந்த நேரத்திலும் எருக்கில் இலை இருக்கிறது.

யூரியாவுக்கு இது ஈடாகுமா? கணக்குப் போடுவோம்

"ஒரு வண்டி எருக்கு, ஒரு மூட்டை யூரியா" என்று பெரியவர் சொன்னார். கிராமங்களில் பலரும் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு அப்படி வரவில்லை.

எருக்குத் தழையைக் காயவைத்துப் பார்த்தால், நூறு கிலோவில் ஏறக்குறைய 2 கிலோ தழைச்சத்து இருக்கும். ஆனால் நாம் வெட்டி வருவது பச்சைத் தழை. அதில் பெரும்பகுதி தண்ணீர். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் பச்சைத் தழை காய்ந்தபின் 200 கிலோ. அதிலுள்ள தழைச்சத்து சுமார் 4 கிலோ.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. எனவே ஒரு டன் எருக்குத் தழை, தழைச்சத்தை மட்டும் பார்த்தால், ஒன்பது கிலோ யூரியாவுக்குச் சமம்.

நெல் வயலுக்கு ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை இடும்படி வேளாண்மைத் துறையினர் கூறுவது வழக்கம். அத்தனையும் எருக்காகவே இட்டால் 10 கிலோ தழைச்சத்து கிடைக்கும். இது இப்போது விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் பாதி. ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து, ரகத்தையும் பட்டத்தையும் பொறுத்துச் சுமார் 50 முதல் 60 கிலோ வரை. ஆக, எருக்கை மட்டும் நம்பி யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டால் பயிர் வெளுத்துப் போகும். மகசூல் குறைந்தபின் எருக்கைத் திட்டிப் பயனில்லை.

பிறகு ஏன் இதை இட வேண்டும்? மண்ணுக்காக. யூரியா பயிருக்குத் தீனி போடுகிறது, மண்ணுக்கு ஒன்றும் விட்டுப் போவதில்லை. தழை மக்கும்போது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இறுகிய மண் பொலபொலப்பாகிறது, ஈரம் பிடிக்கிறது. இட்ட ரசாயன உரமும் கரைந்து ஓடாமல் மண்ணில் தங்குகிறது. வருடந்தோறும் தழை இட்டுவரும் நிலத்தில் இந்த வேறுபாட்டை ஏர்க்காலிலேயே உணரலாம். உவர் தட்டும் நிலங்களுக்கு எருக்கு, ஆவாரை, வேம்பு, புங்கம் ஆகிய தழைகளை இட்டு மிதிப்பது நம் முன்னோர் கைக்கொண்டு வந்த முறை.

சிறு விவசாயிக்கு ஏற்ற இடம் நாற்றங்கால்

இரண்டரை டன் எருக்குக்கு எங்கே போவது? முதலில் உங்கள் பக்கத்துச் செடி ஒன்றில் எவ்வளவு தழை கிடைக்கிறது என்று வெட்டித் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு செடிக்கு ஐந்து கிலோ என்று வைத்தால், ஓர் ஏக்கருக்கு ஐந்நூறு செடி வேண்டும். வெட்டுக் கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் அரை மூட்டை யூரியாவின் விலையைத் தாண்டிவிடும். வேலை செய்ய ஆளும் கிடைப்பதில்லை.

ஆனால் நாற்றங்காலைப் பாருங்கள். ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். அதே அளவு விகிதத்தில் தழை இட்டால் வேண்டியது 200 கிலோ. நாற்பது செடிகள் போதும். வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும், பக்கத்துக் காலி மனையிலும் இது கிடைத்துவிடும். குடும்பத்தில் இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. செலவு என்று பார்த்தால் உழைப்பு மட்டுமே.

நாற்றங்காலுக்குத் தழை இடுவதன் பயன் நாற்றுப் பறிக்கும் அன்று தெரியும். மண் இளகியிருப்பதால் வேர் அறாமல் நாற்று வரும். வேர் அறாத நாற்று நட்டபின் சீக்கிரம் பச்சை பிடிக்கும். "நாத்து கையோட வந்துடும்" என்று பெரியவர் சொன்னது இதைத்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லுக்கும் நம் கணக்குக்கும் சண்டையில்லை.

இடும் முறை

1. விதை விடுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே தழையை இட வேண்டும். சம்பாவுக்கு ஆடியிலும், நவரைக்குக் கார்த்திகைக் கடைசியிலும், சொர்ணவாரிக்குப் பங்குனிக் கடைசியிலும் வெட்டினால் சரியாக இருக்கும்.

2. இலையும் இளந்தண்டும் மட்டும் எடுக்கவும். விரல் பருமனுக்கு மேற்பட்ட கட்டைத் தண்டு சேற்றில் மக்காது, காலில் குத்தும்.

3. செடியை வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டவும். அடியிலிருந்து மீண்டும் தழைத்து வரும். அடுத்த பட்டத்துக்கும் அதே செடி உதவும்.

4. வெட்டியதை உடனே கட்டாமல், ஓர் இரவு அப்படியே வாடவிடவும். வெட்டுவாயில் பால் உறைந்துவிடும், கையாள்வது எளிது. வாடிய குவியலைப் பசித்த ஆடுகள் எட்டும் இடத்தில் போட வேண்டாம். பச்சையில் தொடாத ஆடு வாடியதைக் கடிக்கக்கூடும்.

5. நாற்றங்காலை நன்றாகச் சேறாக்கி, தழையைச் சீராகப் பரப்பி, மண்ணுக்குள் போகும்படி மிதிக்கவும். வெறுங்காலோடு மிதிக்க வேண்டாம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பால் பட்டு எரியும். ரப்பர் பூட்ஸ் இருந்தால் நல்லது. பவர் டில்லர் கிடைத்தால் அதைக்கொண்டே மடக்கிவிடலாம்.

6. மிதித்தபின் நிலம் காயாமல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தவும். ஈரம் இல்லாவிட்டால் தழை மக்காமல் காய்ந்துவிடும்.

7. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சேற்றைக் கலக்கிவிடவும். அழுகல் நாற்றம் அடங்கி, கையை விட்டால் இலை தட்டுப்படாத நிலை வந்தபிறகே விதை விடலாம். அவசரப்பட்டு அரைகுறையாக மக்கிய சேற்றில் விதைத்தால் முளை வெந்து மஞ்சளாகும்.

புன்செய் நிலத்தில் பச்சைத் தழையை நேராகப் போட்டுப் பயனில்லை. அங்கே ஈரம் போதாது. குழியில் ஓர் அடுக்கு எருக்குத் தழை, ஓர் அடுக்கு சாணக் கரைசல், ஓர் அடுக்கு மண் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் காத்து, மக்கியபின் எருவாக இடலாம்.

எருக்கு போதாவிட்டால் வேம்பு, புங்கம், கிளைரிசிடியா, ஆவாரை, கொளுஞ்சி என்று கிடைத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். எருக்கே வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எங்கே வெட்டக்கூடாது?

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு இது முக்கியம். எருக்கு எங்கும் முளைக்கும், குப்பை மேட்டிலும் முளைக்கும், தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாய்க் கரையிலும் முளைக்கும். அந்த மண்ணிலுள்ள ஈயம் போன்ற நஞ்சு உலோகங்களைச் செடி உறிஞ்சி இலையில் வைத்திருக்கக்கூடும். அந்தத் தழையை வயலுக்குக் கொண்டுவருவது விலை கொடுக்காமல் விஷம் வாங்குவதாகும். நெடுஞ்சாலை ஓரம், பட்டறைகளின் பின்புறம், குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடவும். காலி மனையில் வெட்டுவதானால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். பெரும்பாலும் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

கண்ணாடியின் கதை

இனி, பெரியவர் சொன்ன கதை. நாலு வருஷத்துக்கு முன் இதுபோலவே எருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கிளை விசுக்கென்று நிமிர்ந்து, பால் இடக்கண்ணில் தெறித்துவிட்டது.

"கொஞ்சம் கரிச்சுது. துண்டால தொடச்சிக்கிட்டு வேலையப் பாத்தேன். வலியே இல்ல தம்பி. வலி இருந்திருந்தா அன்னிக்கே ஓடியிருப்பேன். ராத்திரி பாத்தா வெளக்க சுத்தி வானவில்லு மாதிரி வட்டம். காலைல எழுந்தா கண்ணுக்கு முன்னாடி பனி மூட்டம். பேத்தி மூஞ்சி தெரியல."

வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்களாம். பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் என்றார்களாம். மகன் அதையெல்லாம் கேட்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனதால் பார்வை பிழைத்தது. சொட்டு மருந்து விட்டு இரண்டு வாரத்துக்கு மேல் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறையில் கிடந்தாராம்.

அவர் சொன்ன ஒவ்வோர் அடையாளமும் மருத்துவர்கள் அறிந்ததே. எருக்கம்பால் கருவிழியின் உட்புறத்தைத் தாக்கி, அதை வீங்க வைக்கிறது. வீங்கிய கருவிழி புகை படிந்த கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. மற்றப் பொருள்கள் கண்ணில் விழுந்தால் வலி துடிக்க வைக்கும். இதில் வலி குறைவாக இருப்பதால்தான் ஆபத்து. ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறோம். விநாயக சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து மாலை கட்டி விற்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினாலே போதும்.

கண்ணில் பால் பட்டால் செய்ய வேண்டியது:

– அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கழுவவும். ஒரு கை தண்ணீர் போதாது. கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எருக்கு வெட்டப் போகும்போது ஒரு குடம் குடிதண்ணீர் கூடவே இருக்கட்டும்.

– வலி இல்லாவிட்டாலும், பார்வை நன்றாகத் தெரிந்தாலும், அன்றே கண் மருத்துவரைப் பார்க்கவும். மங்கல் சில மணி நேரம் கழித்துத்தான் வரும்.

– தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதுவும் விட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடுவதும் கூடாது. "எருக்கம்பால் பட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும்.

நம் வட்டாரத்து மக்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தூரமில்லை. 1819-ல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

வருமுன் காப்பது இன்னும் எளிது. கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றும் வேண்டும். சிறுவர்களை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முகத்தைத் தொட வேண்டும். எருக்கம்பால் வயிற்றுக்குள் போனால் இருதயத்தைத் தாக்கும் விஷம் என்பதையும் மறக்க வேண்டாம். கைவைத்தியம் என்று யார் சொன்னாலும் உட்கொள்ள வேண்டாம்.

வரப்பில் நாலைந்து செடி இருக்கட்டும்

எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் நிற அசுவினி மொய்த்திருப்பதைக் காணலாம். நம் பயிருக்கு வந்துவிடுமோ என்று பயந்து செடியை வெட்டிவிடுகிறோம். அந்த அசுவினி எருக்கு, அரளி போன்ற பால் வடியும் செடிகளில் வாழ்வது. நெல்லையோ கத்தரியையோ நாடி வருவதில்லை. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு, அங்கே பெருகி, நம் பயறு வகையிலும் காய்கறியிலும் வரும் அசுவினியையும் தின்னும். சம்பளம் வாங்காத காவல்காரன் வரப்பில் குடியிருக்கட்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் எருக்கிலையைத் தின்று வளர்கிறது. அதற்கும் பயிரோடு பகையில்லை.

வயலுக்கு நடுவே முளைப்பதை மட்டும் விட்டு வைக்காதீர்கள். சிறு செடியாக இருக்கும்போதே, மழை பெய்து மண் இளகிய மறுநாள், ஆணிவேரோடு பிடுங்கினால் போகும். விட்டுவிட்டால் கடப்பாரை தேவைப்படும்.

எருக்கு, நொச்சி, வேம்பு, ஆடாதொடை, ஊமத்தை ஆகிய இலைகளை இடித்து, மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்து வடித்த ஐந்திலைக் கரைசலைப் பல விவசாயிகள் பூச்சி விரட்டியாகத் தெளிக்கிறார்கள். பெயருக்கேற்ப அது பூச்சியை விரட்டுவது, கொல்வது அன்று. பூச்சி பெருகுவதற்கு முன்பே தெளிக்க வேண்டும். பெருகிய பிறகு தெளித்துப் பலன் எதிர்பார்க்க முடியாது. முதலில் நாலைந்து செடிகளில் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதற்குப் போகவும். ஊமத்தையும் எருக்கும் விஷச் செடிகள். கீரைக்குத் தெளிக்கவே வேண்டாம். மற்றக் காய்களையும் தெளித்த உடனே பறிக்க வேண்டாம்.

நாரும் பஞ்சும்: ஆசைப்படுமுன் யோசிக்கவும்

எருக்கந்தண்டின் பட்டையில் உறுதியான நார் இருக்கிறது. வில்லுக்கு நாண் கட்ட உகந்த நார்களில் ஒன்றாகக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதைச் சேர்த்துச் சொல்கிறது. மீன் தூண்டிலுக்கும் கயிற்றுக்கும் நம் நாட்டில் பயன்பட்டிருக்கிறது. காய்ப் பஞ்சைத் தலையணையில் அடைப்பதும் உண்டு. அண்மைக் காலத்தில் ஆரோவில் பக்கத்தில் எருக்கு நாரையும் பஞ்சையும் கொண்டு நூல் நூற்றுத் துணி நெய்யும் முயற்சியும் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எருக்கை ஏக்கர் கணக்கில் பயிரிடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால், கையில் எழுத்துப் பூர்வமான ஒப்பந்தமும் முன்பணமும் இல்லாமல் இறங்க வேண்டாம். 1973-ல் பெட்ரோல் விலை ஏறிய பிறகு, பால் வடியும் செடிகளிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்று உலகெங்கும் ஆராய்ந்தார்கள். எருக்கு இனமும் அதில் இடம்பெற்றது. இன்றுவரை எந்த பங்க்கிலும் எருக்கு எண்ணெய் விற்கவில்லை. சந்தை உறுதியாகும்வரை இதைத் தானே முளைக்கும் தழையாக வைத்துக்கொள்வதே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு.

முடிவாக

அண்ணனூரில் இன்னும் சில வருஷங்களில் காலி மனை என்று ஒன்று இருக்காது. அங்கே வீடுகள் எழும்பும், எருக்கும் போய்விடும். ஆனால் திருநின்றவூரைத் தாண்டி வரப்புகள் இருக்கின்றன, வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் நிற்பதையும் கொளுத்திவிடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த பட்டத்துக்கு நாற்று விடுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்றங்காலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் எருக்குத் தழை மிதியுங்கள். மற்ற உரம், விதை, தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். நாற்றுப் பறிக்கும் அன்று இரு பாதியிலும் ஒவ்வொரு பிடி பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நாம் சொல்வதையும் நம்ப வேண்டாம், பெரியவர் சொன்னதையும் நம்ப வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் நாற்று சொல்வதை நம்புங்கள்.

பெரியவரின் வண்டி நிறைந்துவிட்டது. கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் போட்டிருக்கீங்க?" என்றோம்.

"எறக்கும்போதும் தெறிக்கும் தம்பி" என்றார்.